ஏறுகிற சொல்

"ஏறுகிற சொல்லுக்குள்ளே இறங்குறது எப்படிம்மா வரும்?" என்று கேட்டார் வீரபாகு.

மொழியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்தச் சொல்லு?"

"கிளைம்ப். இங்கிலீஷ்ச் சொல்லு. ஏறுதல்னு அர்த்தம். மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"உங்களுக்கும் தெரியுதே. பிறகு என்ன?"

"தேவசகாயத்துக்குத் தெரியலையே!"

மொழியம்மாவின் முழுப் பெயர் குழல்வாய்மொழி. கழுகுப் பொத்தை என்னும் கல்மலையின் அடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் தனியாக இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது.

வீரபாகுவுக்கு அறுபத்து நான்கு. முப்பது வருஷம் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தியவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ சொல்லி, அம்மாவைக் கும்பிட்டுப் போக வந்தார். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வந்துவிடுவார். அவர் கேட்கிற எதற்கும் அம்மா நேராகப் பதில் சொன்னதில்லை. ஆனாலும் திரும்பிப் போகும்போது நெஞ்சு லேசாக இருக்கும். அது ஏன் என்று அவருக்கே விளங்கியதில்லை.

அவரும் தேவசகாயமும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தவர்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். அச்சுக்குப் போகிற நேரத்தில்தான் இந்தச் சொல் வந்து குறுக்கே விழுந்தது.

'கையாலும் காலாலும் பற்றி ஏறுதல். அவ்வாறே இறங்குதல்' என்று எழுதியிருந்தார் தேவசகாயம்.

பின்பாதியைச் சிவப்பு மையால் அடித்தார் வீரபாகு. தேவசகாயம் மறுபடி எழுதினார். வீரபாகு மறுபடி அடித்தார். மூன்றாம் தடவை, அச்சக ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார்:

"உமக்கு இங்கிலீஷும் தெரியாது. தமிழும் தெரியாது."

தேவசகாயம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

நாலு மாதம் ஆயிற்று. நடுவில் தேவசகாயத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வீரபாகு அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். அகராதி அப்படியே கிடந்தது.

"நான் சொன்னது சரிதானேம்மா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அம்மா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

"மேலே சுனையிலே சருகு அடைச்சுக் கிடக்கு. அள்ளிப் போடணும். வர்றீங்களா?"

வீரபாகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்.

போகிற வழியில் அம்மா கேட்டார். "அந்தச் சொல்லு வேற எதுக்கெல்லாம் வரும்?"

வகுப்பறை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது வீரபாகுவுக்கு. "கொடி பந்தல்மேல ஏறினா கிளைம்ப். காய்ச்சல் ஏறினா கிளைம்ப். விலைவாசி ஏறினா கிளைம்ப். விமானம் கிளம்பி மேலே போனா அதுவும் கிளைம்ப்."

"விமானம் கீழே வந்தா?"

"அதுக்கு வேற சொல்லும்மா! அதைத்தானே நானும் சொல்றேன்."

"சரி."

"ஏறுறதுக்குத்தான் பாடு. இறங்குறதுக்கு என்ன இருக்கு? கல்லைத் தூக்கிப் போட்டாக்கூடத் தானா இறங்கும்."

அம்மா சிரித்த மாதிரி இருந்தது.

கடைசி முப்பது அடி செங்குத்தான பாறை. எந்தக் காலத்திலோ யாரோ கால் வைக்கக் குழிகள் வெட்டியிருந்தார்கள். அம்மா முன்னே ஏறினார். வீரபாகு நிமிர்ந்து, அடுத்த குழியைப் பார்த்துப் பார்த்து ஏறினார். உச்சிக்கு வந்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். தூரத்தில் தாமிரபரணி வெள்ளி அரைஞாண் மாதிரி கிடந்தது.

"அறுபத்து நாலு வயசிலே ஏறிட்டேன் பாத்தீங்களா!"

"ஏறிட்டீங்க," என்றார் அம்மா.

இரண்டு பேருமாகச் சருகை அள்ளி வெளியே போட்டார்கள். தெளிந்த தண்ணீரைக் குடித்தார்கள். வெயில் சுள்ளென்று விழ ஆரம்பித்தது.

"போவோமா? இன்னும் கொஞ்ச நேரம் போனா பாறையிலே கை வைக்க முடியாது."

வீரபாகு விளிம்புக்கு வந்து கீழே பார்த்தார்.

குழிகளே தெரியவில்லை. பாறை மட்டும் வழுக்கிக்கொண்டு போய் எங்கேயோ மறைந்தது.

படியில் இறங்குகிற மாதிரி முன்பக்கமாக ஒரு காலை வைத்தார். சறுக்கியது. விழுந்து, முழங்கை உரிந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு கல் உருண்டு போனது. அது கீழே விழுந்த சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் கேட்டது.

"என்னால ஆகாதும்மா."

அம்மா விளிம்புக்கு வந்தார். பாறையைப் பார்த்துத் திரும்பி, முதல் குழியில் இறங்கினார். இன்னொரு குழி. தலை மட்டும் மேலே தெரிந்தது.

"திரும்புங்க ஐயா. பாறையைப் பாத்துக் காலை விடுங்க."

"குழி தெரியலையே!"

"விடுங்க."

வீரபாகு குப்புறப் படுத்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டார். அந்தரத்தில் அலைந்த குதிகாலை ஒரு கை பிடித்தது.

வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"அம்மா! நீங்க என் காலைத் தொடலாமா?"

"அப்ப மேலேயே இருங்க."

வீரபாகு அப்படியே கிடந்தார். மார்புக்கு அடியில் பாறை சூடேறிக்கொண்டிருந்தது. கீழே நின்ற அம்மா அவசரப்படுத்தவில்லை. கூப்பிடவும் இல்லை. அவர் ஒற்றைக் கையால் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் வீரபாகுவுக்கு உறைத்தது. இன்னொரு கை இவருடைய காலுக்காகக் காத்திருந்தது.

காலை விட்டார்.

கை அதைப் பிடித்துக் குழிக்குள் வைத்தது.

"இடது," என்றது குரல்.

இடது காலை விட்டார்.

"வலது."

கன்னத்தைப் பாறையோடு ஒட்டிக்கொண்டார். விரல்கள் ஒவ்வொரு பிளவையும் தேடிப் பிடித்தன. கால்விரல்கள் மடங்கின. மூச்சு வாங்கியது. மேலே போகும்போது இத்தனை கவனம் இருந்ததா என்று நினைத்துப் பார்த்தார். இல்லை.

"இடது."

அம்மாவின் காலை யாரும் பிடித்து வைக்கவில்லை. தன் குழியைத் தானே தடவிக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு இவர் குழிக்கு இவர் காலைக் கொண்டு வந்தார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பாதி வழியில் வீரபாகுவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"வலது. அவ்வளவுதான். தரை."

இரண்டு பேரும் நின்றார்கள். அம்மாவின் இடது உள்ளங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. அதை அவர் சேலையில் துடைத்துக்கொண்டார்.

வீரபாகு குனிந்து அந்தக் கையைப் பார்த்தார்.

"வாங்க, கீரை வாடிப்போகும்," என்றார் அம்மா. "கடைஞ்சு தர்றேன். சாப்பிட்டுட்டுப் போங்க."

"இல்லம்மா. ஒண்ணேகால் பஸ்ஸு போயிரும்."

"உங்க ஊருக்கு நாலு மணிக்குத்தானே பஸ்ஸு?"

"இது பாளையங்கோட்டை பஸ்ஸு," என்றார் வீரபாகு.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பாளையங்கோட்டையில் தேவசகாயம்தான் கதவைத் திறந்தார். எதிரே வீரபாகு நின்றார். உரிந்த முழங்கை. கிழிந்த சட்டை. வேட்டியெல்லாம் செம்மண்.

நாலு மாதக் கோபம் தேவசகாயத்துக்கு மறந்துபோனது.

"என்னவே இது கோலம்! எங்கேயும் விழுந்துட்டீரா?"

"விழலைவே," என்றார் வீரபாகு. "இறங்கி வந்தேன்."