பாதி டப்பா பவுடர்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு அறுபத்தொன்று.

குரு மரகதம், எழுந்து நடமாட முடியாதவர்களைப் பராமரிக்கும் ஒரு விடுதியில் நர்ஸ். சீடர் சபாபதி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருடைய மனைவி வேதவல்லி இரண்டு மாதமாக அங்கே படுத்த படுக்கை. அவரைப் புரட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் சபாபதி மரகதத்திடம் கற்றுக்கொண்டவை. கற்றுக்கொண்டதை ஒழுங்காகத்தான் செய்தார். அதோடு சொந்த மூளையையும் சேர்த்துக்கொண்டதுதான் வினை.

அன்று காலை வேதவல்லியின் முதுகில் இருந்த கட்டைப் பிரித்த மரகதம் கையை நிறுத்தினார். படுக்கைப் புண்ணில் பவுடர் திட்டுத் திட்டாக இறுகியிருந்தது.

"யார் போட்டது?"

"நான்தான் சிஸ்டர். வாடை வந்துச்சு. அவளுக்கு அது வெட்கமா இருக்கும்னு..."

"எவ்வளவு போட்டீங்க?"

"பாதி டப்பா."

மரகதம் திட்டவில்லை. சபாபதியின் ஒரு உள்ளங்கையை நனைத்து, அதில் பவுடரைத் தூவினார்.

"தேய்ங்க."

பவுடர் உருண்டை உருண்டையாகத் திரண்டு உறுத்தியது. காய்ந்த கையிலும் கொஞ்சம் தூவினார். அங்கே விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"காஞ்ச தோல்ல போட்டா உரசாம காக்கும். ஈரத்துல போட்டா இப்படித்தான். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, இங்கெல்லாம் துடைச்சு, காய விட்டு, கொஞ்சமா போடலாம். புண்ணுல போடவே கூடாது."

பிறகு புண்ணைக் கழுவ ஆரம்பித்தார். வெகுநேரம் ஆனது. வேதவல்லி முனகக்கூட இல்லை. அந்த அமைதியைத்தான் சபாபதியால் தாங்க முடியவில்லை. இருக்கிற வலி போதாதென்று நானும் சேர்த்துவிட்டேனே என்று வாய்விட்டே அழுதார்.

கட்டுப் போட்டு முடிந்ததும் மெல்லக் கேட்டார்.

"இது ஆறுமா சிஸ்டர்?"

"ஆறாது ஐயா."

"பவுடர் போட்டதாலயா?"

"இல்ல. உடம்புல தெம்பு இல்ல. டாக்டர் போன வாரமே உங்ககிட்ட சொன்னாரே."

சொல்லியிருந்தார். சபாபதியும் தலையை ஆட்டியிருந்தார்.

"அப்போ நான் இவ்வளவு நாளா கத்துக்கிட்டது எதுக்கு?"

சபாபதியின் ஸ்டூல் மனைவியின் முதுகுக்கு நேராகக் கிடந்தது. இடமாகப் புரட்டினாலும் வலமாகப் புரட்டினாலும், அதை முதுகுப் பக்கமே இழுத்துப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். மரகதம் அதைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிவந்து மறுபக்கம் போட்டார்.

"கையில கொஞ்சம் பவுடர் கொட்டிக்கிட்டு இங்க உட்காருங்க."

"இந்தப் பக்கம் புண் எதுவும் இல்லையே சிஸ்டர்."

"இல்லதான். முகம் இருக்கு. விடியக்காலையில அம்மா கண்ணாடி கேட்டாங்க. எப்படி இருக்கீங்கன்னு உங்க வீட்டுக்காரர் வந்து பார்த்துச் சொல்வாருன்னு சொல்லியிருக்கேன்."