அறிவிப்புக்கு இந்தியில் என்ன?

கரட்டணைக்கு இரண்டு மைல் கீழே, ஆற்றங்கரை மேட்டில் வேதவல்லி அம்மையின் ஆசிரமம் இருந்தது. அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நீலமேகத்துக்கோ ஐம்பத்தாறு. கல்லூரியில் முப்பது வருடம் இந்தி நடத்தியவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். பெட்டிக்குள் அகராதி மட்டும் இருந்தது.

அந்த ஆடியில் மலையில் மழை கொட்டி அணை நிரம்பிவிட்டது. அணையிலிருந்து ஒரு பொறியாளர் நீலமேகத்தைத் தேடி வந்தார்.

"பாலம் கட்டுற பீகார் ஆளுங்க ஆத்து மணல்லயே தகரக் குடிசை போட்டு இருக்காங்க சார். நாளைக்குத் தண்ணி திறக்கறோம். அறிவிப்பை இந்தியில எழுதிக் குடுத்தீங்கன்னா ஒட்டிடுவோம்."

தாளில் முதல் சொல்லே 'அறிவிப்பு'. அதற்கு இந்தியில் என்ன போடுவது? நீலமேகம் அகராதியை வெளியே எடுத்தார். சூசனா என்றால் வெறும் தகவல். கோஷணா என்றால் வாயால் முழங்குவது. விஞ்ஞப்தி பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுப்பது. அரசாங்கம் முறைப்படி வெளியிடுவதற்கு அதிசூசனாதான் சரி. ஒரு மணி நேரம் யோசித்து அதையே எழுதினார். உபரி நீர் என்பதற்கு 'அதிரிக்த ஜல்' என்றும், கரையோரத்தில் வசிப்பவர்களுக்கு 'தடவர்த்தி நிவாசி' என்றும் போட்டார்.

மற்றச் சீடர்களுக்கு ஒருமுறை படித்தும் காட்டினார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்கக் கம்பீரமாக இருக்கிறது என்றார்கள். அவருக்கு வெகுநாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மதகைத் திறந்தார்கள். குடிசைகளில் ஒருவர்கூட நகர்ந்திருக்கவில்லை. ஏழு குடிசைகள் போயின. உயிர் போகாதது அதிர்ஷ்டம். ஃபூல்மதி என்கிற பெண்மேல் தகரமும் கம்பமும் சரிந்து கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவளைப் புருஷன்தான் இழுத்துக் கரை சேர்த்தான்.

அம்மை நீலமேகத்திடம் கஞ்சித் தூக்கைக் கொடுத்தார். "ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடுத்துட்டு வாங்க. அவங்க பேசற பாஷை உங்களுக்குத்தான் தெரியும்."

ஃபூல்மதிக்கு முப்பது வயதிருக்கும். இந்தியில் ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்க்கலையா அம்மா?" என்று நீலமேகம் கேட்டார்.

"பார்த்தோம் பண்டிட்ஜி. எங்க ஆளுங்கள்ல பிர்ஜு கொஞ்சம் படிச்சவன். எழுத்தெழுத்தாக் கூட்டித் தலைப்பைப் படிச்சான். அதிசூசனான்னா சர்க்கார் வேலைக்கு ஆள் எடுக்கிறது, ஊர்ல பேப்பர்ல வருமே, அது நமக்கு இல்லைன்னு சொன்னான். எல்லாரும் சோறாக்கப் போயிட்டோம்."

அவர் தூக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க தப்புதான்," என்றாள் அவள். "நாங்க படிக்காதவங்க. எழுதின பெரியவர் எங்க நல்லதுக்குத்தான் எழுதியிருப்பார். அவரைப் பார்த்தா மன்னிக்கச் சொல்லுங்க."

நான்தான் எழுதினேன் என்று சொல்ல நீலமேகம் வாய் திறந்தார். "சீக்கிரம் ஆறிடும்," என்று மட்டும் வந்தது. தூக்கை வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

திரும்பி வந்தவரிடம் அம்மை கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"மன்னிப்புக் கேட்டாங்க."

"நீங்க?"

அன்றும் அடுத்த நாளும் நீலமேகம் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரவில்லை. பாலத்துப் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தார். வெள்ளம் வடிந்ததும் அந்த ஆட்கள் நசுங்கிய தகரங்களை நிமிர்த்தி அதே மணலில் மறுபடி குடிசை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் பொறியாளர் மறுபடி வந்தார். மேலே மழை வலுத்துவிட்டதாம். மறுநாள் போன தடவையைவிட அதிகமாகத் திறக்கப் போகிறார்களாம். இன்னொரு அறிவிப்பு வேண்டும்.

நீலமேகம் வெற்றுத் தாளோடு அம்மையிடம் போனார்.

"'அறிவிப்பு'ங்கற சொல்லை நான் எப்படி எழுதறது அம்மா? எது சரி?"

"எனக்கு இந்தி தெரியாது நீலமேகம். தெரிஞ்சவங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க. போய்க் கேளுங்க."

"எந்த முகத்தோட போவேன்?"

"இருக்கிற முகத்தோட."

அவர் போனார். ஃபூல்மதியின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். ஒரு பெரியவர் இப்படிக் கீழே உட்காருவதைப் பார்த்து அவள் பதறினாள்.

"அந்தக் காகிதத்தை எழுதினது நான்தான்," என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். வெட்கமா இருந்துச்சு. தப்பு உங்களோடது இல்லை. என்னோடது."

அவள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "படிச்சவர் நீங்க. எங்களுக்குப் புரியற மாதிரி எழுதத் தெரியலையா?" என்றாள். குரலில் முன்பிருந்த மரியாதை இல்லை. அது நீலமேகத்துக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது.

"தெரியலை. நாளைக்கு மறுபடியும் திறக்கறாங்க. இந்தத் தடவை தண்ணி அதிகம். என்ன எழுதட்டும், நீயே சொல்லும்மா."

"என் வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார். 'பானி ஆ ரஹா ஹை. ஊபர் பாகோ'ன்னு எழுதுங்க. தண்ணி வருது, மேலே ஓடுங்க. வேற என்ன வேணும்?"

அப்படியே எழுதிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஆசிரமம் வந்து சேர்ந்தார். மதியம் தாண்டியிருந்தது. அம்மை வாசலில் நின்றிருந்தார்.

"எழுதிட்டேன் அம்மா. அதிசூசனாவே இல்லை. இரண்டே வரி." தாளை நீட்டினார். "இதுக்குமேல தெளிவா எழுத முடியாது. ஒட்டக் குடுத்துடவா?"

அம்மை தாளை வாங்கிப் பார்த்தார். "குடிசையில மொத்தம் எத்தனை பேர்?"

"நாற்பது பேர் இருப்பாங்க."

"படிக்கத் தெரிஞ்சவங்க?"

நீலமேகம் யோசித்தார். "ஒருத்தன். அவனும் எழுத்துக் கூட்டித்தான்."

அம்மை தாளை நான்காக மடித்துத் தம் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்போ காகிதம் இங்கேயே இருக்கட்டும். நீங்களே குடிசைக்குப் போய்ச் சொல்லுங்க."