பொடிசுங்களுக்கு எடை வந்த கதை

ஏ, உக்காருங்கப்பா. அடுத்த லாரி வர அரை மணி ஆகும். மாயழகு, போனை உள்ள வையி. வேலாண்டி, வாயில இருக்குறத முழுங்கு. "எடைன்னு ஒண்ணை எவன்யா கண்டுபிடிச்சான்"னு முதுகைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேல்ல? அதைத்தான் சொல்லப் போறேன். பேச்சு நின்னுச்சா? சரி.

அந்தக் காலத்துல, மலை, மரம், மனுசன் எதுவும் வராத காலத்துல, ஒலகமே தாயக்கட்டம் மாதிரி கட்டம் கட்டமா இருந்துச்சு. அதுல பொடிசுங்க ஓடிக்கிட்டு இருந்தாங்க. படிச்சவங்க அதுங்களை ஃபெர்மியான்னு சொல்லுவாங்க. எனக்கு வாய் சுளுக்கிக்கும், பொடிசுன்னே வச்சுக்குவோம்.

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்னு நாலு நிறம். ஒரே நிறத்துல ரெண்டு பேரு ஒரு கட்டத்துல கால் வைக்க மாட்டாங்க, அம்புட்டு வீம்பு. வேற நிறம்னா பரவால்ல. யாருக்கும் எடையே கெடையாது. எடை இல்லேன்னா நிக்க முடியாது. வெளிச்சம் போற வேகத்துல ஓட்டமான ஓட்டம்.

அதுல செவப்பின்னு ஒருத்தி. மஞ்சாயிகிட்ட ஒரு தடவையாவது நின்னு பேசணும்னு அவளுக்கு ஏக்கம். எதிர்ல வரும்போது, "நல்லா இருக்கியாடீ?"ம்பா. மஞ்சாயி மூக்கால, "இருக்..."ம்பா. மிச்சத்தைச் சொல்றதுக்குள்ள இவ ஆயிரம் கட்டம் தாண்டிருப்பா. இருக்காளா, இல்லையான்னே தெரியாது! அழுகை வந்துச்சு. அழ நேரமில்ல.

ஒரு நாள் துணிஞ்சு மஞ்சாயி கையை எட்டிப் பிடிச்சுட்டா. ரெண்டு பேருக்கும் லேசா எடை வந்துச்சு, ஓட்டம் தளந்துச்சு. ஆனா அவங்க கிழக்கே பாத்துட்டாங்களா, தரை மொத்தமும் கிழக்கே சாஞ்சுருச்சு! மேற்கே போனவங்கல்லாம் உருண்டு வந்து விழுந்தாங்க.

தரை நம்ம மேஸ்திரி தொண்டையில அலறுச்சு. "ஏய், எவடி அவ? எனக்கு எல்லாத் திசையும் ஒண்ணு. உங்க ரெண்டு பேருக்காக நான் ஒரு பக்கம் சாயணுமா? விடுடி கையை!"

விட்டா. தரை நிமிந்துச்சு. எடை போச்சு. பழையபடி ஓட்டம்.

ஓடிக்கிட்டே செவப்பி கத்தினா. "ஆத்தா, நீ சாய வேணாம். நாங்க நிக்க மட்டும் வழி சொல்லு!"

தரைக்கு மனசு எளகிருச்சு. "நாலு நிறமும் ஒரே கட்டத்துல சேருங்கடி. ஒருத்தர் இழுக்குறதை மத்தவங்க சரிக்கட்டிருவாங்க, நான் சாய மாட்டேன். ஆனா பிடி இரும்பா இருக்கணும். லேசாப் பிடிச்சா ஒண்ணும் நடக்காது."

செவப்பி ஓடுற ஓட்டத்துலயே, பக்கத்துல ஓடிக்கிட்டிருந்த பச்சையனை, "எங்க கூடச் சேந்துக்கண்ணே"ன்னு கூப்பிட்டா.

"சேந்து?"ன்னான் அவன்.

"நிக்கலாம்ண்ணே."

"நின்னு?"

"மூச்சு விடலாம்ண்ணே."

"அட, அது நல்லாருக்கே!"

நாலாவது ஆளு நீலன். கூச்சக்காரன். எல்லாரும் ஒரு கட்டத்துல கூடினதும் விரல் நுனியை நீட்டினான். நாலு பேரும் வழுக்கிச் செதறிட்டாங்க. "பொண்ணு பாக்கவா வந்தே? முழுக் கையையும் குடுய்யா!"ன்னு மஞ்சாயி வஞ்சா.

மறுபடி கூடினாங்க. "என்ன ஆனாலும் விடாதீங்க"ன்னு செவப்பி இறுக்கினா பாரு, ஒரே பிடி. எலும்பு நொறுங்குது.

"ஐயோ, என்னமோ என் மேல ஏறி உக்காருது!"ன்னு நீலன் கத்தினான்.

"பயப்படாத, அதான் எடை"ன்னுச்சு தரை. இந்தப் பக்கம் பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு. ஒரு இம்மியும் சாயலை!

ஓட்டம் நின்னுச்சு.

"நல்லா இருக்கியாடீ?"ன்னா செவப்பி.

"இருக்கேன்டீ. நல்லாத்தான் இருக்கேன்."

அப்பாடா! தரையே ஒரு பெருமூச்சு விட்டுச்சு. அதைப் பாத்து மத்த பொடிசுங்களும் நாலு நாலாக் கூடி, அக்கடான்னு நின்னு, பேசாம விட்ட கதையெல்லாம் பேச ஆரம்பிச்சிருச்சுங்க.

அன்னையிலேருந்துதான்யா, பிடி இறுகுற எடத்துல பொடிசுங்களுக்கு எடை வருது, தரை எந்தப் பக்கமும் சாயாமலே.

நான் முடிச்சதும், விடிஞ்சதுலேருந்து வாயே தொறக்காத சேவுகன் அண்ணன் துண்டை ஒதறித் தோள்ல போட்டு, என்னை ஏற இறங்கப் பாத்தாரு.

"நாலு பேரு இருந்தும், காலையில அந்த இரும்பு பீரோவை மூணு பேராத்தான் இறக்கினோம். நீலனாவது விரலை நீட்டினான்."