கரடி பார்க்கும் திசை

“அம்மா, இந்தக் கல் கரடிய நீங்களே எடுத்துக்கங்க. வீட்டுல வச்சுக்க எனக்கு பயமா இருக்கு.”

கதிரேசன் துணியில் சுற்றிய பொட்டலத்தை எல்சியின் முன்னால் வைத்தார்.

எல்சி அமெரிக்கப் பழங்குடியான நவஹோ இனத்துப் பெண்மணி. அரிசோனா பாலைவனத்தில் கல்லில் மிருகங்களைச் செதுக்குகிறவர். கதிரேசனைவிடப் பத்து வயது இளையவர்தான். ஆனாலும் குரு குருதானே? அவருக்கு அம்மாதான்.

அவரிடம் உளி பிடிக்கக் கற்க வந்த மனுஷன் வாங்கிக் குவிக்கிற பித்தில் விழுந்துவிட்டார். கரடி, குதிரை, ஆடு என்று வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி நிறைந்து வழிந்தது.

“கரடி என்ன செஞ்சுது?”

“முறைக்குது. என் நாற்காலியில உக்காந்தா என்னையே பாக்குது. நான் அதப் பாக்காம இருந்தாலும் பிடரி சில்லிடுது.”

“உங்களுக்கு மட்டுந்தானா?”

கதிரேசனின் குரல் இறங்கியது. “என் பொண்ணும் நடுங்குறா. ஏழு வயசுதான். நான் கூடத்துக்கு வந்தாலே ரூமுக்குள்ள போய் கதவச் சாத்திக்கிறா. சரியா சாப்பிடறதில்ல. குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கும்மா.”

“எப்பலேருந்து?”

“குதிரைய எடுத்து விளையாடினா. கீழ போட்டுட்டா, காது உடைஞ்சுபோச்சு. அன்னையிலேருந்துதான்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

கதிரேசன் வலது உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

எல்சி தன் வீட்டு மாடத்தைக் காட்டினார். அங்கேயும் ஒரு கல் கரடி இருந்தது. வீட்டாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நின்றது.

“முகமே தெரியலியேம்மா. இப்படியா வைப்பாங்க?”

“காவலுக்குத்தானே வைக்கிறோம்? ஆபத்து எந்தப் பக்கத்துலேருந்து வருமோ, அந்தப் பக்கம் பாத்து நிக்கும். காப்பாத்த வேண்டியவங்க அதுக்குப் பின்னால இருப்பாங்க.”

“எனக்குத் தெரியாதே. நான் ரசிச்சுப் பாக்கணும்னு என் நாற்காலியப் பாக்க வச்சுட்டேன்.”

“உங்க பொண்ணோட ரூம் எங்க இருக்கு?”

“அலமாரிக்குப் பின்னால.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மகளை அறைந்த வலது கையைக் குனிந்து பார்த்தார்.

எல்சி பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எடுத்துட்டுப் போங்க. இருந்த மாதிரியே வைங்க.”