மிகோ வேலைக்கு மனுப் போட்ட தங்கமாரியப்பன் அண்ணாச்சி

எங்கள் காலண்டர் அச்சகத்தில் தங்கமாரியப்பன் அண்ணாச்சிக்கு என்ன வேலை என்று மேனேஜரைக் கேட்டால், கம்ப்யூட்டரில் சாமி படங்களுக்குப் பின்னால் ஒளிவட்டம் போடுவது என்பார். என்னைக் கேட்டால், மதியம் ஒண்ணேகாலிலிருந்து இரண்டு மணிவரை பக்கத்தில் இருப்பவர்கள் காதில் பூச்சுற்றுவது என்பேன். ஒளிவட்டத்தை அவர் வாங்குகிற சம்பளத்துக்குப் போடுகிறார். பூச்சுற்றுவது மட்டும் மனமுவந்து செய்கிற சேவை.

கேட்கிற பாவப்பட்ட ஜென்மங்கள் மூன்று பேர். பஞ்சாங்கத் தேதிகளைப் புரூஃப் பார்க்கும் முத்துராக்கு அக்கா, பிளேட் போடும் சூசை அண்ணன், அப்புறம் எழுத்துக் கோர்க்கும் ஜெயக்கொடியாகிய நான். நம்புகிறவர் ஒருவரும் இல்லை. எழுந்து போகலாம் என்றால் சாப்பாட்டு மேசை ஒன்றுதான் இருக்கிறது.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்குப் புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டு முடித்து, எங்கள் பிரிவில் வேலை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அப்போதுதான் அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று என் திரையை எட்டிப் பார்த்துத் தொலைத்தார். நான் இணையத்தில் ஒரு குழுவில் இருக்கிறேன். சிவகாசி, மட்டக்களப்பு, கிள்ளான் என்று ஊருக்கொருவராகத் தமிழ் ஆட்கள் சேர்ந்து நடத்துகிற விளையாட்டு அது. ஜப்பானில் மலைமேல் ஒரு ஷிண்டோ கோயில் இருப்பதாகக் கற்பனை. ஆளுக்கொரு வேஷம். அவரவர் வேஷம் பேசுவதையும் செய்வதையும் அவரவர் தட்டச்சு செய்வோம். அந்தக் கோயிலில் வாசல் கூட்டி, மணியடித்து, குறிச்சீட்டு கொடுத்து, திருவிழாவில் ஆடுகிற பெண்ணுக்கு மிகோ என்று பெயர். மிகோ இடம் ஒன்று காலியாக இருந்தது. அண்ணாச்சி மறுநாளே மனுப் போட்டுவிட்டார்.

மீசை வைத்த ஆள் மிகோவாவதா என்று சூசை அண்ணன் சிரித்தார். அது எனக்குப் பெரிய விஷயமில்லை. எங்கள் கோயிலின் மூத்த மிகோ நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறார், அவரைவிட அடக்கமான பெண்ணை நான் பார்த்ததில்லை. எங்கள் சட்டம் ஒன்றே ஒன்றுதான். உன் வேஷத்தை மட்டும் நீ எழுது, அடுத்தவன் என்ன நினைத்தான், என்ன சொன்னான், எப்படி அழுதான் என்பதை அவனே எழுதட்டும். இதை மீறினால் மனு தள்ளுபடி. மூன்று முறை தள்ளுபடியானால் அந்த ஆளுக்கு நிரந்தரமாகக் கதவடைப்பு.

அண்ணாச்சியின் முதல் இரண்டு மனுக்களை மட்டக்களப்புக்காரி ஒருத்தி தள்ளினாள். மூன்றாவது என்னிடம் வந்தது. அந்தக் கோயிலின் தலைமைப் பூசாரி, எண்பது வயது, முழங்கால் வரை வெள்ளைத் தாடி, பெயர் கென்சோ, அது நான்தான். இது அண்ணாச்சிக்கு மட்டும் தெரியாது. தெரிந்தவர் என்று சொல்லி நான் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. பதினோரு வருஷமாகக் காது வலிக்கக் கேட்டவளுக்கு ஒரு நாளாவது தீர்ப்புச் சொல்ல ஆசை இருக்காதா.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் முடிவு என்று பூசாரி சார்பில் அவருக்குத் தகவல் அனுப்பியிருந்தேன். அண்ணாச்சி அன்று டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே சபதம் போட்டுவிட்டார். இரண்டு மணிக்குள் போஸ்டிங் ஆர்டர் வராவிட்டால் இனிமேல் இந்த மேசையில் வாயையே திறக்கமாட்டாராம். முத்துராக்கு அக்கா அந்த இடத்திலேயே இருக்கன்குடி மாரிக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டார். எதற்காக என்று அண்ணாச்சி கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் மனுவைப் பற்றி ஆரம்பித்தார். மற்றவர்கள் பத்து வரி எழுதினார்களாம், இவர் எழுத எழுத அந்தக் கட்டம் கொள்ளாமல் எழுத்தெல்லாம் திரைக்கு வெளியே வழிந்ததாம். வீட்டில் அவர் சம்சாரம் முறத்தை வைத்துப் பிடித்தாளாம். பிறகு மனுவில் அவருடைய மிகோ துடைப்பத்தை எடுத்து வாசல் கூட்டியதைச் சொன்னார். கூட்டிய கூட்டில் தரையிலிருந்த சருகு போய், மரத்திலிருந்த இலைகளும் பயந்துபோய்க் காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டனவாம். அந்த வருஷம் ஜப்பானில் இலையுதிர் காலமே வரவில்லையாம். அங்கே தெருக் கூட்டுகிறவர்கள் வேலையில்லாமல் சங்கம் கூடி, இவருக்குக் கண்டனத் தீர்மானம் போட்டார்களாம்.

"தீர்மானம் எந்த பாஷையில வந்துச்சு?" என்றார் சூசை அண்ணன், மீன் முள்ளை எடுத்தபடி.

பூவாலேயே எழுதியிருந்தார்கள், ஜப்பானில் அதுதான் வழக்கம் என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு எங்கள் மூவரையும் பெருமையாகப் பார்த்தார். "பாத்தீங்களா, சூசைக்கு இப்பவே உடம்பெல்லாம் புல்லரிக்குது." சூசை அண்ணன் தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் அரிக்கவில்லை என்று எங்களிடம் காட்டினார்.

அடுத்தது மணி. கோயில் மணியை அடிப்பதாக இவர் 'டங்' என்று தட்டச்சு செய்தாராம். அந்தச் சத்தம் ஜப்பான் போய்த் திரும்பி வந்து இங்கே நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் விழுந்ததாம். மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு விடுகிற மணி அடித்துவிட்டது என்று பதினோரு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். தன் மகள் அன்று நாலரைக்குத்தான் வந்தாள் என்றார் சூசை அண்ணன். அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள், கவனம் சிதறாத பிள்ளை, நல்லா வருவாள் என்றார் அண்ணாச்சி. பொய் சொல்வதில்கூட ஒரு பாராட்டைச் செருகுகிற ஆளை எப்படித் திட்டுவது. சூசை அண்ணன் ஒரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆட்டத்துக்கு வந்தபோது அண்ணாச்சி சோற்றைப் பிசைவதையும் நிறுத்திவிட்டார். மிகோ கையில் சலங்கைக் கொத்தை வைத்துக்கொண்டு சாமி முன்னால் ஆடவேண்டும். இவர் பத்து விரலாலும் ஆடினாராம். கீபோர்டில் இருந்த எழுத்தெல்லாம் எழுந்து கும்மியடித்ததாம். பார்ப்பதற்கு நிலா இறங்கி வந்து கோயில் கூரையில் உட்கார்ந்துகொண்டதாம். போகச் சொன்னால் போகமாட்டேன் என்று அடம். அதனால் அந்த மாதம் பௌர்ணமி ஒரு நாள் தள்ளிப்போய்விட்டதாம்.

இதுவரை ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த முத்துராக்கு அக்கா நிமிர்ந்தார். முப்பது வருஷம் பஞ்சாங்கம் புரூஃப் பார்த்தவர். "ஏப்பா மாரியப்பா, என்ன வேணும்னாலும் பேசு. பௌர்ணமில கை வைக்காத. என் கையால பாத்த புரூஃப்ல ஒரு நாழிகை தப்பினதில்ல."

"அதான்க்கா. நீங்க பாக்குறதுக்குள்ள திருப்பிக் கொண்டுபோய் வெச்சிட்டேன்ல" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, அக்காவுக்கு நன்றியில் கண் கலங்கிவிட்டது என்று அறிவித்தார். அக்கா பச்சை வெங்காயத்தைக் கடித்திருந்தார். அதை எடுத்துக் காட்டியும் பயனில்லை.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. புளுகுவதில் எனக்குப் புகாரே இல்லை. நானே முழங்கால் தாடியோடு மலைமேல் உட்கார்ந்திருப்பவள்தானே. இவர் எங்களுக்கும் சேர்த்துப் புளுகினார். நாங்கள் எப்போது புல்லரிக்கவேண்டும், எப்போது கலங்கவேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தார். எங்களுக்கு மிச்சம் வைத்தது சாப்பிடுகிற வேலை மட்டும். மனுவிலும் அதே கதைதான். கடைசிக் கேள்வி இப்படி இருக்கும்: நீங்கள் வாசல் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு கிழவர் அழுதுகொண்டே படியேறி வருகிறார், எழுதுங்கள். அண்ணாச்சி முதல் வரியில், 'மிகோ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள்' என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு ஆச்சரியம். நல்ல வரி, பொறாமைப்படும்படியான வரி. இரண்டாவது வரியிலேயே கிழவரின் கண்ணீரில் கோயில் மிதக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த ஒரு வரிக்காக இன்னொரு வாய்ப்புத் தரலாம் என்று நினைத்தேன். திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பப் பூசாரிக்கு அதிகாரம் உண்டு. அதனால் கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்தக் கிழவர் எதுக்கு அழுதாராம்? கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும் தாயி? என் ஆட்டத்தப் பாத்துத்தான் அழுதாரு. எனக்குத் தெரியாதா?"

"படியேறும்போதே அழுதுக்கிட்டுதானே வந்தாரு. ஆட்டத்த இன்னும் பாக்கலையே."

"நான் ஆடப்போறேன்னு அவருக்கு அடிவாரத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்றார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

பிறகு வண்டி நிற்கவே இல்லை. குறிச்சீட்டுக்குப் போனார். இவர் கொடுத்த சீட்டில் 'கல்யாணம்' என்று வந்தவன், மடிப்பைப் பிரிப்பதற்குள் பிள்ளைக்குக் காது குத்தும் முடித்துவிட்டானாம். வாசலில் இருந்த இரண்டு கல் நரிகளும் பீடத்தை விட்டு இறங்கி, எங்களைவிட நீயே நன்றாகக் காவல் காப்பாய் என்று ராஜினாமா கொடுத்தனவாம். கடைசியில் கருவறைக்குள் இருந்த அம்மனே வெளியே வந்து, நீ இருக்கும்போது எனக்கு இங்கே என்ன வேலை, பத்து நாள் லீவு கொடு என்று இவரிடம் நின்றாளாம். இவர் ஐந்து நாள்தான் கொடுத்தாராம்.

"பூசாரி சும்மாவா இருந்தாரு?" என்றார் சூசை அண்ணன். மனிதர் வேண்டுமென்றே எடுத்துக்கொடுத்தாரோ என்னவோ.

"பூசாரியா? எண்பது வயசுக் கிழவன். ஓடிவந்து என் கால ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டான். தாடியாலயே என் பாதத்தத் துடைச்சான். தாயே, இத்தன வருஷம் நான் பூச பண்ணுனதெல்லாம் வேஷம், நீதான் நெசம்னு தேம்பித் தேம்பி அழுதான்."

நான் யார் காலையும் கட்டிக்கொள்ளவில்லை. தாடியை நான் இரண்டு வருஷமாக வரிக்கு வரி வளர்த்து வைத்திருக்கிறேன், ஒருவர் பாதம் துடைப்பதற்கு இல்லை. இடது கையால் மேசைக்கடியில் போனை எடுத்தேன். மணி இரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது. எழுதியது சுருக்கமாகத்தான்: 'மனு ஏற்கப்படவில்லை. உங்கள் மிகோ நன்றாக ஒதுங்கி நிற்கிறாள். நீங்கள்தான் நிற்க மாட்டேன் என்கிறீர்கள். வந்த கிழவரை ஒரு சொட்டுக்கூடத் தானாக அழ விடவில்லை. இது மூன்றாவது முறை. வணக்கம். கென்சோ, தலைமைப் பூசாரி.' அனுப்பினேன்.

அண்ணாச்சியின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. முத்துராக்கு அக்கா கை கூப்பிவிட்டார். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் படித்தார். பெரிய கடிதமில்லை, ஆனால் திரும்பத் திரும்பப் படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. அந்த மிகோ வேலையை அவர் நிஜமாகவே விரும்பியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. பரவாயில்லை என்று நானே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆர்டர் வந்திருச்சு. மிகோ வேல இல்லையாம். அது எனக்குச் சின்னதாம். தலைமைப் பூசாரி வேலையே எனக்குத்தான். கிழவன் ராஜினாமா பண்ணிட்டான். எழுதும்போது அழுதிருக்கான் பாவம், எழுத்தெல்லாம் கண்ணீர்ல அழிஞ்சு கெடக்கு, சரியாப் படிக்கக்கூட முடியல."

சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். அக்கா கூப்பிய கையை இறக்கினார். எனக்கு வந்த பரிதாபம் சட்டென்று விலகிவிட்டது. நான் என் போனை மேசைமேல் வைத்து, அனுப்பிய கடிதத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன்.

"கிழவர் அழல அண்ணாச்சி. உங்களுக்கு எதிர்ல உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்."

அவர் என் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தயிர்சாதத்தைப் பார்த்தார். வெளியே கட்டிங் மெஷின் ஓடுகிற சத்தம் அந்த மேசையில் எனக்கு முதல்முறையாகக் கேட்டது. மீசை இரண்டு முறை அசைந்தது. கடைசியில் வாயைத் திறந்தார்.

"நான் டிபன் பாக்ஸை மூடுறேன். கை கழுவப் போறேன்" என்றார். மூடினார், எழுந்தார், போனார்.

பதினோரு வருஷத்தில் அண்ணாச்சி சொல்லி நான் அப்படியே நம்பிய வாக்கியம் அதுதான். சூசை அண்ணனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. எழுந்துபோய்க் குழாயடியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நெசமாவே கழுவுறாருப்பா" என்றார்.