பின்கதவில் வைத்த பாட்டு

மலையில் ஒரு குருவம்மை இருந்தார். அவருக்கு, அவரைவிட வயதில் மூத்த சீடர் ஒருவர் இருந்தார்.

அம்மையின் பெயர் நிறைமதி. துறவுக்கு வருமுன் நர்ஸாக வேலை பார்த்தவர். சேர்வராயன் மலையின் பின்சரிவில், தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில், தகரக் கூரை போட்ட சின்னக் குடிலில் இருந்தார். போதனை என்று பெரிதாக எதுவும் செய்யமாட்டார். கேட்டால் பதில் சொல்வார். பல சமயம் அதுவும் சொல்லமாட்டார். மலைக்காரர்கள் அவரைச் சாமியம்மா என்பார்கள். காய்ச்சலுக்கு வருவார்கள், பிரசவத்துக்கு வருவார்கள், சாவுக்கும் வருவார்கள்.

சீடர் அறவாழி. ஓசூர்ப் பக்கம் மின்சார டிரக் செய்யும் கம்பெனி ஒன்றில் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவர். தலை முழுக்க நரைத்தவர். மாதத்துக்கு ஒருமுறை மலை ஏறிவந்து, அம்மைக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்து, மனதில் கிடப்பதைக் கொட்டிவிட்டுப் போவார்.

அந்த முறை அவர் கம்பெனியின் புது டிரக்கிலேயே வந்தார். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி. வண்டி சத்தமே இல்லாமல் வந்து நின்றதால் அம்மை திரும்பிப் பார்க்கவில்லை. விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வியோட வந்திருக்கேன்" என்றார் அறவாழி.

"சொல்லுங்க."

"சொல்றதைவிடக் காட்டிடறேன்."

அவர் வண்டியின் பக்கவாட்டில் ஒரு பிடியை இழுத்தார். அடுப்பு வெளியே வந்தது. இரண்டு பாத்திரம் வைக்கலாம். பக்கத்தில் கை கழுவும் தொட்டியும் குழாயும் இருந்தன. கதவின் விளிம்பிலிருந்து ஒரு டார்ச்சை உருவினார். இன்னொரு கதவிலிருந்து ஒரு குடையை. கூரையோரம் சுருட்டி வைத்திருந்த பந்தல் துணியை விரித்துக் காட்டினார். பின்தொட்டியின் மூலையில் ஐஸ் பெட்டி. பின்கதவுக்குள் மடக்கு மேஜை ஒன்று. அந்தக் கதவைத் திறந்தபோது வண்டியின் ஓரமெல்லாம் ஊதா விளக்கு எரிந்தது. வீணையும் புல்லாங்குழலும் கலந்து ஒரு சின்னப் பாட்டு ஒலித்தது.

"வரவேற்புப் பாட்டு. நானே கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்தது" என்றார்.

அம்மை கோடரியைக் கீழே வைத்தார். "கேள்வி என்ன?"

அறவாழியின் முகம் வாடியது. "இதெல்லாம் உபயோகமா, இல்லையா? வாங்கினவங்க பாதிப் பேரு இதுக்காகத்தான் வாங்கினேன்னு சொல்றாங்க. ஆனா ஒருத்தன் இதை நடமாடும் பொம்மைக் கடைன்னு எழுதிட்டான். அன்னியிலிருந்து தூக்கம் வரலை. அடுத்த வண்டிக்கு இதைவிட ரெண்டு மடங்கு வைக்கச் சொல்றாங்க. நான்தான் முடிவு சொல்லணும். மனுஷனுக்கு ஒத்தாசையா இருக்கணும்னு நினைச்சுத்தாம்மா எல்லாத்தையும் செஞ்சேன்."

"அடுப்புல இதுவரைக்கும் யாராவது சமைச்சாங்களா?"

"சமைக்கலாம்மா."

"அதைக் கேக்கலை."

அறவாழி பதில் சொல்வதற்குள் தார்ச்சாலைப் பக்கமிருந்து ஒருவர் ஓடிவந்தார். வெறுங்காலெல்லாம் சேறு. மண்பாதை போய் முடியும் மேலூரைச் சேர்ந்த சடையன். அம்மையைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணனைக் கொண்டாந்துட்டாங்க, சாமியம்மா."

சடையனின் அண்ணன் வெள்ளையன். காப்பித் தோட்டத்தில் நிழல்மரத்துக் கிளை வெட்டுகிறவர். இரண்டு நாளைக்கு முன் மரத்திலிருந்து விழுந்தவரைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உயிர் நிற்கவில்லை. பிண வண்டி தார்ச்சாலை முடிகிற இடம் வரைக்கும் கொண்டுவந்து, இதற்குமேல் சேற்றில் ஏறாது என்று சொல்லி, பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

"ஜீப்புக்காரனும் ஏறாதுன்னுட்டான். தூளி கட்டித் தூக்கலாம்னா ஆள் இல்லீங்க. பசங்கெல்லாம் திருப்பூர்லயும் கேரளாவுலயும் கெடக்கறாங்க. அண்ணி தனியா உக்காந்திருக்குது."

அம்மை அறவாழியைப் பார்த்தார். "உங்க வண்டி ஏறுமா?"

"நாலு சக்கரத்துலயும் மோட்டார் இருக்கும்மா. ஏறும்."

"அப்ப எடுங்க. பதில் அப்புறம்."

பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம், வெள்ளைத் துணியில் பொதிந்து, ஆஸ்பத்திரிக் கட்டோடு வெள்ளையன் கிடந்தார். நெடிய மனிதர். தலைமாட்டில் அவர் மனைவி குப்பாயி. அழுது முடித்த முகம். வண்டியைக் கண்டதும் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அறவாழி பின்கதவைத் திறந்தார். ஊதா விளக்கு எரிந்தது. பாட்டு ஒலித்தது.

குப்பாயி ஓரடி பின்னால் போனாள்.

"ஒண்ணுமில்லம்மா, தானா வரும்" என்றார் அறவாழி. சொன்னபின் அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

நான்கு பேரும் தூக்கி ஏற்றினார்கள். தலை ஐஸ் பெட்டியில் இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள். மறுபக்கம் திருப்பிப் பார்த்தார்கள். எப்படி வைத்தாலும் முழங்காலுக்குக் கீழே வெளியே நின்றது. அடுப்பு வைப்பதற்காகத் தொட்டியின் நீளத்தில் ஒரு பகுதியை அறவாழிதான் எடுத்திருந்தார்.

"காலைக் கொஞ்சம் மடக்கினா..." என்றார்.

"விறைச்சாச்சு. மடங்காது" என்றார் அம்மை.

"பெட்டியைக் கழட்டிடலாமுங்களா?" என்று சடையன் கேட்டார்.

"அது வண்டியோட சேர்த்துச் செஞ்சதுங்க. கழட்ட வராது."

மற்ற டிரக்குகளில் பின்கதவு கீழே இறங்கிப் பலகை மாதிரி நீண்டு நிற்கும். இதில் மடக்கு மேஜைக்காக அதைப் பக்கவாட்டில் திறக்கிற மாதிரி மாற்றியிருந்தார்கள். முழுக்கத் திறந்து கட்டினால் பாதையோரப் பாறையில் இடிக்கும். ஒரு கயிற்றைத் தேடி எடுத்து, கதவைப் பாதி சாத்தி, கால்களுக்கு இடம் விட்டுக் கட்டினார்கள்.

குப்பாயி ஏறிக் கதவோரம் உட்கார்ந்து கணவனின் இரண்டு பாதங்களையும் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அம்மை தலைமாட்டில் உட்கார்ந்தார். சடையன் முன்னால் ஏறினார்.

வண்டி ஏறியது. அதில் குறையே சொல்ல முடியாது. ஜீப் திரும்பிய சேற்றில், பிண வண்டி வராத பாதையில், நிதானமாக ஏறியது. அறவாழிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் தெம்பு வந்தது.

முதல் பள்ளத்தில் வண்டி குலுங்கியது. கயிற்றின் தளர்ச்சியில் பின்கதவு உள்பக்கம் வந்து, மறுபடி வெளியே போனது. கதவு திறந்ததாக வண்டி எடுத்துக்கொண்டது. பாட்டு ஒலித்தது.

அடுத்த பள்ளத்தில் மறுபடி ஒலித்தது.

மண்பாதை நெடுகப் பள்ளம்தான். சடையன் எதிரே பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது பேசவேண்டும் என்று நினைத்தவர்போல, "பக்கத்துல அடுப்பு இருக்குதுங்களே, அது எதுக்குங்க?" என்று கேட்டார்.

"வெளியூர் போறப்ப ரோட்டோரமா நிறுத்தி, வெட்டவெளியில சமைச்சுச் சாப்பிட."

"ஓ." சடையன் தலையாட்டினார். "எங்க ஊட்ல தெனமும் அப்படித்தானுங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. மரியாதைக்குப் பேசினார். அறவாழிக்குக் காது சுட்டது.

தூறல் பிடித்தது. முன்கண்ணாடி தானே துடைத்துக்கொண்டது. பின்னால் கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டு அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

குப்பாயி நனைந்துகொண்டிருந்தாள். முந்தானையை எடுத்துக் கணவனின் பாதங்களைச் சுற்றியிருந்தாள். கதவின் விளிம்பு உரசி உரசி வெள்ளையனின் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. ரத்தம் வரவில்லை. வெளுத்துக் கிடந்தது. கதவு மறுபடி படாதபடி அவள் தன் புறங்கையை இடையில் கொடுத்திருந்தாள். அந்தக் கை சிவந்து வீங்கியிருந்தது.

"அந்தப் பாட்டை நிறுத்துங்க" என்றார் அம்மை.

"முடியாதும்மா."

"உங்க வண்டிதானே?"

"நிறுத்தற மாதிரி வைக்கலை. யாரும் நிறுத்த விரும்பமாட்டாங்கன்னு நினைச்சோம்."

அறவாழி ஓடிப்போய்ப் பந்தல் துணியை இழுத்தார். அது அழகாக விரிந்தது. வண்டி நகர்ந்தால் அது தானே சுருண்டுகொள்ளும் என்பது விரித்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. கதவிலிருந்து குடையை உருவிக் குப்பாயியிடம் நீட்டினார்.

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எதுல புடிக்கிறதுங்க?" என்றாள்.

அவர் குடையைச் சுருக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினார். அதற்குப்பிறகு பள்ளம் பார்த்து, ஆமை மாதிரி ஓட்டினார். அப்படியும் பாட்டு நிற்கவில்லை.

மேலூரில் வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். வண்டியைக் கண்டதும் ஒப்பாரி எழுந்தது. சடையன் கயிற்றை அவிழ்த்தார். கதவு அகலத் திறந்தது. ஊதா விளக்கு எரிய, வீணையும் புல்லாங்குழலும் ஒலித்தன.

ஒப்பாரி நின்றுவிட்டது.

யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று தெரியாமல் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரு கிழவி, "என்னாடி பாட்டு இது?" என்று கேட்டாள்.

"வண்டி பாடுது" என்றாள் குப்பாயி. சொல்லிவிட்டு, நின்றுபோன ஒப்பாரியை அவளே தொடங்கினாள்.

உடலை இறக்கி வாசலில் கிடத்தினார்கள். முகம் கழுவத் தண்ணீர் கேட்டார்கள். ஊர்க்குழாய் தள்ளி இருந்தது. அறவாழி பரபரவென்று போய் அடுப்பை இழுத்து, பக்கத்துக் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. அதன் தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பது கம்பெனியில் யாருக்கும் தோன்றியதில்லை. அவருக்கும்தான். அவர் இழுத்ததை உள்ளே தள்ளி மூடுவதற்குள் யாரோ குடத்தில் கொண்டுவந்துவிட்டார்கள்.

அடக்கம் முடியும்வரை அவர் கூட்டத்தின் கடைசியில் நின்றார். மண் போடக் கூப்பிட்டபோது போய்ப் போட்டார். திரும்பி வருகையில் குப்பாயி அவரிடம் வந்து, வீங்கிய கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"ஊட்டுக்குக் கொண்டாந்து சேத்தீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

குடிலுக்குத் திரும்பியதும் அறவாழி வாளியில் தண்ணீர் எடுத்துப் பின்தொட்டியைத் தானே கழுவினார். கதவின் விளிம்பை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தார். அம்மை விட்ட இடத்திலிருந்து விறகு பிளக்கத் தொடங்கியிருந்தார்.

"இதெல்லாம் குப்பைன்னு சொல்லிடுங்கம்மா. கேட்டுக்கறேன்."

"நான் எங்க சொன்னேன்? வண்டி நல்ல வண்டி. அது இல்லாட்டி அவன் இன்னிக்கு வீடு சேர்ந்திருக்கமாட்டான்."

"அப்ப தப்பு எங்க இருக்கு?"

"தொட்டியை இப்பத்தானே கழுவினீங்க? எது இடிச்சுதுன்னு உங்க கைக்கே தெரிஞ்சிருக்குமே."

அறவாழி ஈரக்கையோடு நின்றார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தொட்டியின் நீளத்தைக் கையால் சாண் போட்டுப் பார்த்தார். பின்கதவைத் தொட்டார், திறக்கவில்லை. இத்தனை வருஷம் வேலை செய்து பழகிய மூளை, அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. மெல்ல மெல்ல அவர் முகம் தெளிந்தது.

"அம்மா, கிடைச்சுடுச்சு."

"என்ன?"

"தொட்டிக்கு அடியில ஒரு பலகை வெச்சுடறேன். பொத்தானை அழுத்தினா தானா நீண்டு வரும். ஒரு ஆள் முழுசாப் படுக்கலாம். ஓரத்துல பட்டை வெச்சுட்டா பிடிச்சுக்கக்கூட ஆள் வேண்டாம். வேலை முடிஞ்சா மறுபடி உள்ளே போயிடும். இருக்கிற இடமே தெரியாது. அடுப்பையும் எடுக்க வேண்டியதில்லை. இனிமே எந்தக் குப்பாயிக்கும் இந்த நிலைமை வராதும்மா. அடுத்த வண்டியிலேயே வெச்சுடலாம்."

அம்மை கோடரியை விறகில் ஊன்றிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"விக்கும்போது அதுல யாரைப் படுக்க வெச்சுக் காட்டுவீங்க?" என்று கேட்டார்.