கடைசி மருதமரம்

ஒரு மலை இருந்ததாம். அதைப் பிளந்துகொண்டு ஓர் ஆறு ஓடியதாம். அந்தப் பிளவுக்குள்ளே இரண்டு கரையிலும் மருதமரமாகவே நின்ற காலம் ஒன்று உண்டாம்.

அத்தனையையும் வெட்டியவன் சடையாண்டி. ஒன்றே ஒன்று மிஞ்சியபோது கோடாலியை ஆற்றில் எறிந்தான். கரையில் குடிசை போட்டிருந்த நாச்சியம்மை என்ற துறவியிடம் சீடனாகச் சேர்ந்தான். அவனைவிட அவர் பத்து வயது இளையவர். மிஞ்சிய மரத்துக்கு அவனே காவல்.

ஐந்தாம் வருஷம் மரத்தின் உச்சி காய்ந்தது. சடையாண்டி ஓடிவந்தான்.

“அம்மா, ஒரு இலையைக்கூட யாரையும் கிள்ள விடலை. தினமும் நாலு குடம் தண்ணி ஊத்துறேன். இதுவும் போயிட்டா நான் எந்த மூஞ்சியோட இருப்பேன்?”

“ஊத்திட்டு எந்தப் பக்கம் பாப்பீரு?”

“ஜனங்க பக்கம். இருநூறு முந்நூறு பேர் வந்திருப்பாங்களே. நான் திருந்தின கதையைச் சொல்லணும்ல?”

“எங்கே உட்காருவாங்க?”

“மரத்தடியிலதான். கதை முடிஞ்சதும் மரத்தை மூணு சுத்துச் சுத்திக் கும்பிட்டுப் போவாங்க.”

நாச்சியம்மை ஒரு குடம் தண்ணீர் மொண்டுபோய் வேரில் ஊற்றினார். மிதிபட்டு மிதிபட்டுத் தரை பாறையாகிக் கிடந்தது. தண்ணீர் இறங்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் ஆற்றில் விழுந்தது. சுற்றிலும் ஒரு புல் இல்லை, ஒரு மருதங்கன்று இல்லை.

சடையாண்டி குனிந்து தரையை விரலால் கீறிப் பார்த்தான்.

“மண்ணைக் கொத்தி விடுறேன் அம்மா.”

“கொத்தும். நாளைக்கும் வருவாங்க.”

“வராதீங்கன்னா கேப்பாங்களா? கடைசி மரத்தை வாழவச்ச புண்ணியவான்னு ஆசையா வர்றாங்க.”

“அந்தப் புண்ணியவான் இருக்கிற வரைக்கும் வருவாங்க,” என்று சொல்லிவிட்டு நாச்சியம்மை குடத்தோடு நடந்தார்.

மறுநாள் விடியுமுன்னே மரத்தடி மண்ணைக் கொத்தி முடித்த சடையாண்டி, விடிந்ததும் மலைப்பிளவின் வாயிலில், வழியை மறித்து உட்கார்ந்திருந்தான். முதல் கூட்டம் வந்தது. முன்னால் வந்த பெரியவர் அவனை அடையாளம் கண்டு கும்பிட்டார்.

“சாமி, இங்க உட்கார்ந்துட்டீங்க? மரத்தடிக்குப் போகலையா?”

“மரம் இல்லீங்க. போயிருச்சு.”

“ஐயையோ! யாரு செஞ்சது?”

“நான்தாங்க.”

“அந்த ஒண்ணையும் விட்டு வைக்கலையாடா, பாவி?”

“ஆமாங்க.”

பெரியவர் காறித் துப்பினார். கூட்டம் திரும்பியது. மரத்துக்கென்று மாலை கட்டி வந்திருந்த ஒருத்தி மட்டும், அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு அவளும் போனாள்.